ரெஜிஸ்ட்ரார் கோட் தர மறுக்கிறார், டொமைனை மாற்ற முடியுமா?

கேள்வி: எட்டு ஆண்டுகளாக என் தொழிலுக்கான டாட் காம் பெயரை (டொமைனை) ஒரே நிறுவனத்தில் வைத்திருக்கிறேன். மூன்று மாதங்களுக்கு முன் ரினியூ செய்தபோது கார்டில் இரண்டு முறை பணம் எடுத்துவிட்டார்கள். ஆறு டிக்கெட் போட்டும் "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே வரிதான் வருகிறது. வெறுத்துப்போய் வேறு நிறுவனத்துக்கு மாற்ற ஆத் கோட் (டொமைனை மாற்றத் தேவையான ரகசியக் குறியீடு) கேட்டேன். "பணப் பிரச்சினை முடிந்த பிறகு பார்க்கலாம்" என்கிறார்கள். இரண்டாவது தொகையை வங்கி மூலம் சார்ஜ்பேக் செய்யப் போகிறேன், அதாவது கார்டில் எடுத்த பணத்தைத் திரும்பப் பெறப் போகிறேன். பதிவில் உள்ள பழைய ஈமெயிலையும் மாற்ற வேண்டும். இவர்கள் மீது வழக்குப் போடலாமா?

பதில்: வங்கிக்கு நீங்கள் இன்னும் எழுதவில்லை என்றால் தயவுசெய்து எழுதாதீர்கள். ஈமெயிலையும் இப்போது தொடாதீர்கள். இந்த இரண்டும் நியாயமான விருப்பங்கள்தான். ஆனால் டொமைனை மாற்றுவதற்கு முன் செய்தால் இரண்டுமே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

டாட் காம் போன்ற பொதுவான பெயர்களை ஒரு ரெஜிஸ்ட்ராரிடமிருந்து (டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனம்) இன்னொருவருக்கு மாற்றுவதை, உலக அளவில் இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் (ICANN) அமைப்பின் டிரான்ஸ்ஃபர் விதிகள் கட்டுப்படுத்துகின்றன. எந்தக் காரணங்களுக்காக ரெஜிஸ்ட்ரார் மறுக்கலாம், எதற்காக மறுக்கக் கூடாது என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. மறுக்கலாம் என்ற பட்டியலில் ஒன்று, நடப்புப் பதிவுக் காலத்துக்கான கட்டணம் செலுத்தப்படாதது. கிரெடிட் கார்டு சார்ஜ்பேக்கும் அதில் அடங்கும் என்று பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார்கள். நீங்கள் கேட்பது இரண்டாவது தொகையைத்தான். ஆனால் சார்ஜ்பேக் வந்ததும் எது முதல் தொகை, எது இரண்டாவது என்று ஆறு டிக்கெட்டுக்குப் பதில் சொல்லாத நிறுவனம் பிரித்துப் பார்க்கும் என்று நம்பி இருக்க முடியாது. "கட்டணம் பாக்கி" என்று குறித்து டொமைனை ஹோல்டில் போட்டுவிட்டால் இணையதளம் நின்றுவிடும். அந்தப் பெயரில் வரும் ஈமெயிலும் நின்றுவிடும். பிறகு வாதாடி வெல்லலாம், ஆனால் அதுவரை தொழில் முடங்கிக் கிடக்கும்.

ஈமெயில் விஷயமும் இப்படித்தான். பதிவுதாரரின் பெயர், நிறுவனப் பெயர், முதன்மை ஈமெயில் ஆகியவற்றில் எதை மாற்றினாலும் விதிகள் அதைப் பதிவுதாரர் மாற்றமாகவே எடுத்துக்கொள்கின்றன. அதன் பிறகு 60 நாட்களுக்கு வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்ற முடியாதபடி லாக் விழும். சில நிறுவனங்கள் மாற்றத்துக்கு முன்பே இந்த லாக் வேண்டாம் என்று சொல்ல வாய்ப்புத் தருகின்றன, சில தருவதில்லை. மாற்றிய பிறகு கேட்டுப் பயனில்லை. பழைய முகவரி இன்னும் திறக்கிறது என்றால் அதையே வைத்துக்கொண்டு டிரான்ஸ்ஃபரை முடியுங்கள். புதிய இடத்துக்குப் போன பிறகு ஈமெயிலை மாற்றிக்கொள்ளலாம். அந்த முகவரி இதே டொமைனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் டொமைன் நின்ற நாளில் அதை மீட்பதற்கான கடிதங்களும் உங்களுக்கு வராது. இப்படிச் சிக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இனி அவர்கள் சொன்ன பதிலுக்கு வருவோம். "பணப் பிரச்சினை முடிந்த பிறகு" என்ற வாக்கியம் உங்களுக்குக் கிடைத்த நல்ல ஆவணம். கட்டணத் தகராறு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பதிவுதாரருக்கு ஆத் கோடைத் தர மறுக்கக் கூடாது என்று விதியே சொல்கிறது. கன்ட்ரோல் பேனலில் நீங்களே கோடை எடுக்கும் வசதி இல்லாவிட்டால், கேட்ட நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் அவர்கள் தந்தாக வேண்டும். லாக்கை நீக்குவதற்கும் அதே ஐந்து நாள்தான். நேம்சர்வரை (டொமைனுக்கான முகவரி விவரங்களைத் தரும் சர்வர்) மாற்ற என்ன நடைமுறை வைத்திருக்கிறார்களோ அதைவிடக் கடினமான நடைமுறையைக் கோடுக்கு வைக்கவும் அனுமதி இல்லை. "ஃபோனில் பேசினால்தான் தருவோம்", "அடையாள அட்டையைத் தபாலில் அனுப்புங்கள்" என்று நேம்சர்வருக்கு இல்லாத நிபந்தனையை இதற்கு மட்டும் போட்டால் அது விதிமீறல்.

ஆறு டிக்கெட்டுகளிலும் நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியாது. பெரும்பாலானோர் கோபத்தையும் பணத்தையும் கோடையும் ஒரே கடிதத்தில் கலந்துவிடுகிறார்கள். அப்புறம் எந்தத் தேதியில் எதைக் கேட்டார்கள் என்று காட்ட முடியாமல் போகிறது. பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் புதிதாக ஒரு டிக்கெட் போடுங்கள்:

"நான் இந்த டொமைனின் பதிவுதாரர். இதை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்ற விரும்புகிறேன். டிரான்ஸ்ஃபர் லாக்கை நீக்கி, ஆத் கோடை ஐந்து நாட்களுக்குள் அனுப்பவும். மறுப்பதானால் ஐகேன் டிரான்ஸ்ஃபர் விதிகளில் உள்ள எந்தக் காரணத்தின் கீழ் மறுக்கிறீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்."

இதையே ஈமெயிலிலும் அனுப்புங்கள். டிக்கெட் எண்ணும் தேதியும் நேரமும் தெரியும்படி திரையைப் படம் எடுத்து வையுங்கள்.

கடிதம் அனுப்பும் முன், டொமைனின் பதிவு விவரங்களைக் காட்டும் ஐகேனின் லுக்அப் பக்கத்தில் உங்கள் டொமைனைப் போட்டுப் பாருங்கள். "ரெஜிஸ்ட்ரார்" என்ற இடத்தில் நீங்கள் பணம் கட்டும் நிறுவனத்தின் பெயர் இல்லாமல் வேறு பெயர் இருந்தால், உங்களுடையது ரீசெல்லர் நிறுவனம், அதாவது ரெஜிஸ்ட்ராருக்காக டொமைன் விற்கும் இடைநிலை நிறுவனம் என்று பொருள். அப்போது விதிப்படி பொறுப்பேற்க வேண்டியவர் அங்கே பெயர் உள்ள ரெஜிஸ்ட்ரார், அவருக்கும் இதே கடிதம் போக வேண்டும். கிளையன்ட் டிரான்ஸ்ஃபர் ப்ராஹிபிட்டட் என்று ஸ்டேட்டஸ் காட்டினால் பயப்பட வேண்டாம். அது சாதாரண லாக்தான், ரெஜிஸ்ட்ராரே நீக்கக்கூடியது.

இதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது பதிவுதாரர் யார் என்பது. அது பொது லுக்அப்பில் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும், உங்கள் கணக்குக்குள் போய்ப் பாருங்கள். என்னிடம் வந்த ஒருவர் பல ஆண்டு ரசீதுகளை ஒரு கோப்பு நிறைய வைத்திருந்தார். பதிவில் இருந்ததோ இணையதளம் செய்து கொடுத்த டிசைனரின் பெயர். பணம் கட்டியவர் யார் என்பதை டிரான்ஸ்ஃபர் விதிகள் பார்ப்பதில்லை, பதிவில் இருப்பவரைத்தான் பார்க்கின்றன. நல்லவேளையாக அந்த டிசைனர் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் அது உரிமை வழக்காகி ஆண்டுக்கணக்கில் இழுத்திருக்கும்.

ஐந்து நாட்களுக்குள் கோட் வரவில்லை என்றால் ஐகேன் தளத்தில் உள்ள டிரான்ஸ்ஃபர் புகார்ப் படிவத்தை நிரப்புங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. "வாடிக்கையாளர் சேவை மோசம்" என்று எழுதினால் ஐகேன் ஒன்றும் செய்யாது. சேவையின் தரத்திலும் விலையிலும் தலையிட அவர்களுக்கு அதிகாரமில்லை. "இந்தத் தேதியில் கோட் கேட்டேன், ஐந்து நாள் கடந்தும் தரவில்லை, பணத் தகராறைக் காரணம் சொன்னார்கள்" என்று எழுதுங்கள். ரெஜிஸ்ட்ராருடன் ஐகேன் செய்திருக்கும் ஒப்பந்தத்தை மீறிய செயல் அது, அதற்கு அவர்கள் விளக்கம் கேட்பார்கள்.

கோட் கைக்கு வந்ததும் உடனே புதிய இடத்தில் போட்டுவிடாதீர்கள். டிஎன்எஸ் (டொமைன் பெயரை இணையதளம், ஈமெயில் சர்வர்களோடு இணைக்கும் சேவை) பழைய நிறுவனத்திடமே இருந்தால் அதில் உள்ள எல்லா ரெக்கார்டுகளையும், குறிப்பாக ஈமெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டை, முதலில் பிரதி எடுங்கள். டொமைன் போனதும் அவர்கள் அந்தச் சேவையை நிறுத்திவிடலாம். டிரான்ஸ்ஃபர் தொடங்கியதும் பழைய ரெஜிஸ்ட்ராரிடமிருந்து உறுதி கேட்டு ஒரு ஈமெயில் வரும். அதை நிதானமாகப் படியுங்கள். அதில் உள்ள லிங்க் பல சமயம் டிரான்ஸ்ஃபரை ரத்து செய்வதற்கானது, அவசரத்தில் அழுத்தினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நீங்கள் எதுவும் செய்யாமல் இருந்தாலும், அவர்கள் ஐந்து நாட்களுக்குள் முறையான காரணம் சொல்லி மறுக்காவிட்டால் டொமைன் புதிய இடத்துக்குப் போய்விடும். கட்டிய ரினியூவல் வீணாகாது. மீதமுள்ள காலத்தோடு வழக்கமாக ஓராண்டு கூடும், மொத்தம் பத்தாண்டைத் தாண்டாது. காலாவதி நெருங்கியவர்கள் மட்டும் முதலில் ரினியூ செய்துவிட்டு மாற்றுவது நல்லது. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. நாட்டுக் குறியீட்டில் முடியும் பெயர்களுக்கு அந்தந்த நாட்டுப் பதிவகத்தின் தனி விதிகள் உண்டு, நான் மேலே சொன்னவை அவற்றுக்குப் பொருந்தாது.

வழக்குப் போடலாமா என்று கேட்டீர்கள். கோடுக்காக என்றால் இப்போது தேவையில்லை. புகாரே அதைவிட வேகமான வழி. இரண்டாவது முறை எடுத்த பணத்துக்காக என்றால் போடலாம், ஆனால் டொமைன் புதிய இடத்தில் பத்திரமாக உட்கார்ந்த பிறகு. சார்ஜ்பேக் கேட்க வங்கி வைத்திருக்கும் கெடு எப்போது முடிகிறது என்று இன்றே விசாரித்து வையுங்கள், டிரான்ஸ்ஃபரை அதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும். பழைய நிறுவனத்தின் சேவை ஒப்பந்தத்தில் எந்த ஊர் நீதிமன்றம் என்று எழுதியிருக்கும் பகுதியையும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், கணக்கை மூடிய பின் கிடைப்பது சிரமம். ஆறாவது நாளும் கோட் வரவில்லை என்றால் அந்தக் கடிதத்தையும் அவர்களின் பதிலையும் இணைத்து எழுதுங்கள். ஐகேன் புகாரின் வாசகத்தை நான் பார்த்துத் தருகிறேன்.