மேலே முடிவாகிவிட்டது, கீழே டீக்கடையில் பேச்சு
வேலையிடம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரு ஐ.டி. கம்பெனியில் டீம் லீடாக இருக்கிறேன். எங்கள் ப்ராஜெக்டையும் இன்னொரு ப்ராஜெக்டையும் ஒன்றாக்கப் போகிறார்கள். யார் யார் எங்கே என்பது முடிவாகவில்லை. "டவுன்ஹால் மீட்டிங்கில் எல்லோருக்கும் அறிவிக்கும்வரை டீமிடம் மூச்சு விடாதே" என்று என் மேனேஜர் சொல்லியிருக்கிறார். ஆனால் பசங்களுக்கு வாசனை தெரிந்துவிட்டது, தினமும் கேட்கிறார்கள். பாதிப் பேர் வேலையை விட்டுவிட்டு ரெஸ்யூமே தட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் என்ன சொல்லட்டும், மேடம்?
- மாரத்தஹள்ளி வாசகர்

பதில்: வாசனை தெரியாமல் எப்படி இருக்கும்? ஹெச்.ஆர். ஒரு மீட்டிங் ரூமை நாள் முழுக்க புக் செய்து கண்ணாடியில் பேப்பர் ஒட்டினாலே போதும், மிச்சக் கதையை டீக்கடையில் எழுதி முடித்துவிடுவார்கள். 1947-ல் ஆல்போர்ட், போஸ்ட்மன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் வதந்திக்கு ஒரு கணக்கு சொன்னார்கள். விஷயம் கேட்கிறவருக்கு எவ்வளவு முக்கியம், அது எவ்வளவு தெளிவில்லாமல் இருக்கிறது, இந்த இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வதந்தியின் அளவு. கூட்டல் இல்லை, பெருக்கல். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் வதந்தியும் பூஜ்யம். வேலை இருக்குமா போகுமா என்பதன் முக்கியத்தை உங்களால் குறைக்க முடியாது, வீட்டுக் கடனுக்கு இ.எம்.ஐ. கட்டுகிறவரிடம் யாராலும் முடியாது. குழப்பத்தைத்தான் கொஞ்சம் குறைக்கலாம்.

அதற்கு ரகசியத்தை உடைக்க வேண்டியதில்லை. "எனக்கு ஒன்றுமே தெரியாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். டவுன்ஹால் முடிந்த அன்றைக்கே அது பொய் என்று தெரிந்துவிடும், அப்புறம் நீங்கள் உண்மையைச் சொன்னாலும் நம்ப ஆள் இருக்காது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஒரு மாற்றம் பேச்சில் இருக்கிறது. விவரம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. யார் எங்கே என்பது இன்னும் முடிவாகவில்லை. இன்ன தேதியில் டவுன்ஹால், அன்று சாயங்காலமே உங்கள் ஒவ்வொருவரோடும் தனித்தனியாக உட்கார்ந்து பேசுகிறேன்." இந்த நாலு வரியை முதலில் மேனேஜரிடம் காட்டி அனுமதி வாங்கிவிடுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார், ஏனென்றால் அவருக்கும் இதைவிட நல்ல வரி கையில் இருக்காது. "யாருக்கும் ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள்" என்று பாசத்தில்கூட வாய் விடாதீர்கள். அந்த உறுதி கொடுக்கிற அதிகாரம் உங்களிடம் இல்லை.

உங்கள் மேனேஜர் போன்றவர்கள் ஏன் மூடி வைக்கிறார்கள் என்றால், கெட்ட செய்தியை விளக்கப் போனால் கோபம்தான் கூடும் என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. ஜெரால்ட் கிரீன்பெர்க் என்ற ஆய்வாளர் 1990-ல் வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு கம்பெனிக்குப் பெரிய ஆர்டர்கள் கைவிட்டுப் போக, இரண்டு ஃபேக்டரிகளில் பத்து வாரத்துக்கு எல்லோருக்கும் 15 சதவீதம் சம்பளக் குறைப்பு. ஒரு ஃபேக்டரியில் தலைவரே வந்து, ஒன்றரை மணி நேரம் கணக்கு வழக்கைப் படம் போட்டுக் காட்டி, வருத்தம் தெரிவித்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். இன்னொன்றில் கால் மணி நேரம், இதுதான் முடிவு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். சம்பளம் குறைந்த அந்த வாரங்களில் இரண்டு இடத்திலும் பொருள் திருட்டு கூடியது, ஆனால் சும்மா அறிவித்துவிட்டுப் போன ஃபேக்டரியில் அது நன்றாகவே அதிகம். காரணம் சொன்னதால் யாருக்கும் ஒரு ரூபாய் திரும்பக் கிடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வெட்டு ஒரே வெட்டுதான், மனிதனாக மதித்து உட்கார வைத்துப் பேசினார்களா இல்லையா என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அதனால் உங்களால் முடிந்த ஒரு நல்ல காரியம், டவுன்ஹாலில் கேள்வி நேரத்தைப் பாதியாவது ஒதுக்கச் சொல்லி மேலே போய் நச்சரிப்பது. ஒரு மணி நேரம் ஸ்லைடு ஓட்டிவிட்டு கடைசி மூன்று நிமிஷத்தில் "எனி கொஸ்சின்ஸ்?" என்று கேட்டால் எவன் வாயைத் திறப்பான்? அப்படியே அந்த "எக்ஸைட்டிங் ஜர்னி" என்கிற வார்த்தையையும் எடுக்கச் சொல்லுங்கள். இந்த ஊரில் மேடையில் யாராவது எக்ஸைட்டிங் என்றாலே கீழே இருப்பவர்கள் போனை எடுத்து பி.எஃப். பேலன்ஸ் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

கேள்வி: பீன்யாவில் ஒரு கார்மென்ட் ஃபேக்டரியில் பர்சனல் பிரிவில் வேலை. லைன் அமைப்பை மாற்றி, டார்கெட்டையும் புதிதாக வைக்கிறோம். இந்த மாதிரி மாற்றம் வரும்போதெல்லாம் டெய்லர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்கள். நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறோம், மைக்கில் சொல்கிறோம். வேறென்ன செய்ய முடியும்?
- தாசரஹள்ளி வாசகி

பதில்: நோட்டீஸ் எந்த மொழியில் ஒட்டுகிறீர்கள் என்று எழுதவில்லையே. இங்கிலீஷிலும் கன்னடத்திலும் என்றால், ஓசூர் பக்கத்திலிருந்து வந்தவருக்கும் ஒடிசாவிலிருந்து வந்த பெண்ணுக்கும் அது சுவரில் இருக்கும் வெறும் காகிதம். மைக்கோ, மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. ஆனால் மொழியைச் சரி செய்தாலும் பாதி வேலைதான் முடியும்.

உங்கள் தொழிலிலேயே இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்தில் மேரியன் என்ற ஊரில் ஹார்வுட் என்ற பைஜாமா ஃபேக்டரி. வேலை முறையை மாற்றும்போதெல்லாம் உற்பத்தி விழும், ஆட்கள் வேலையை விட்டு நின்றுவிடுவார்கள், அப்படியே உங்கள் கதைதான். கோச், ஃபிரெஞ்ச் என்ற இருவர் அங்கே செய்த சோதனை 1948-ல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு வழக்கம்போல மாற்றத்தை அறிவித்து, புதிய பீஸ் ரேட்டைச் சொல்லி, கேள்விக்கும் பதில் சொல்லி அனுப்பினார்கள். முதல் நாற்பது நாளில் அந்தக் குழுவில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள், இருந்தவர்களின் உற்பத்தியும் எழவே இல்லை. மற்றக் குழுக்களிடம் வேறு மாதிரி பேசினார்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும் இரண்டு துணிகளைக் காட்டி, இதில் எது விலை குறைந்தது என்று கேட்டார்கள். ஒன்று மற்றொன்றின் இரண்டு மடங்கு விலைக்கு விற்றது, ஆனால் பார்த்து யாராலும் சொல்ல முடியவில்லை. செலவைக் குறைக்காவிட்டால் சந்தையில் நிற்க முடியாது என்பது அங்கேயே புரிந்துவிட்டது. பிறகு எந்த வேலையை எப்படிச் சுருக்கலாம், ரேட்டை எப்படி வைக்கலாம் என்பதில் தொழிலாளிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். எல்லோரும் நேரடியாகக் கலந்துகொண்ட குழுக்கள் சில நாளிலேயே பழைய அளவை எட்டி அதையும் தாண்டின, அந்த நாற்பது நாளில் ஒருவர்கூட விலகவில்லை. இதில் எனக்குப் பிடித்தது அடுத்து நடந்ததுதான். முதல் குழுவில் மிஞ்சியிருந்தவர்களையே இரண்டரை மாதம் கழித்து இப்படிக் கலந்துபேசி வேறு வேலைக்கு மாற்றினார்கள். அதே ஆட்கள், இந்தத் தடவை சீக்கிரமே எழுந்துவிட்டார்கள். ஆக, "நம்ம ஆட்கள் எதையும் கத்துக்க மாட்டாங்க" என்று உங்கள் ஃப்ளோர் இன்சார்ஜ் சொன்னால் இந்தக் கதையை அவருக்குச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். பேசிப் புரியவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. 2016 ஏப்ரல் 18, 19 தேதிகளில் ஆயிரக்கணக்கான கார்மென்ட் பெண்கள் ஓசூர் சாலையிலும் தும்கூர் சாலையிலும் இறங்கியதை நீங்களே பார்த்திருப்பீர்கள். முதலாளி தரப்பு பி.எஃப். பணத்தை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது என்று அந்த பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த விதிதான் காரணம். அதை அவர்கள் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை, மிகச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். ஒரு ஃபேக்டரியை விட்டு இன்னொன்றுக்குப் போகும் இடைவெளியில் பிள்ளை ஃபீஸுக்கும் வீட்டு அட்வான்ஸுக்கும் கைகொடுக்கிற பணம் அது. 19-ஆம் தேதியே அரசு விதியைத் திரும்பப் பெற்றது. அங்கே குறை விளக்கத்தில் இல்லை, விதி போடுவதற்கு முன் அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்காததில்தான். உங்கள் டார்கெட்டும் அப்படிப்பட்டதா என்று முதலில் நீங்களே ஒரு டெய்லர் பக்கத்தில் அரை நாள் நின்று பாருங்கள். தண்ணீர் குடிக்க எழுந்தால் எட்டாத டார்கெட் என்றால், எத்தனை மொழியில் சொன்னாலும் ஆள் வேலையை விட்டு நிற்கத்தான் செய்வார்.

சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். சம்பளம், வேலை நேரம், ஷிஃப்ட் போன்றவற்றைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்றுவதற்கு முன் 21 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்பது பழைய தொழில் தகராறு சட்டத்திலும் இருந்தது, அதற்குப் பதிலாக வந்த 2020-ன் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. அந்த 21 நாளை நோட்டீஸ் ஒட்டிவிட்டுக் காத்திருக்கிற நாளாக வைத்துக்கொள்ளாமல், லைன் லைனாகப் போய்ப் பேசுகிற நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிவாஜிநகரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு பசங்க. புது பில்லிங் முறை, லீவு விதி எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுகிறேன், எல்லோரும் தம்ஸ் அப் போடுகிறார்கள். அப்புறமும் பழையபடிதான் செய்கிறார்கள். கொழுப்பா, மறதியா?
- அல்சூர் வாசகர்

பதில்: இரண்டும் இல்லை, அண்ணாச்சி. முதலாளி போட்ட மெசேஜுக்குக் கீழே "எனக்குப் புரியவில்லை" என்று பத்துப் பேர் பார்க்க எழுதுகிற தைரியம் யாருக்கு வரும்? கெட்ட செய்தியை அது யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவரிடம் சொல்ல மனிதர்கள் தயங்குவார்கள் என்று 1970-லேயே ரோசன், டெஸ்ஸர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். உங்கள் புது முறை கவுன்டரில் ஓடவில்லை என்பதும் உங்களுக்கு ஒரு கெட்ட செய்திதான். காலையில் ஷட்டர் தூக்கியதும் ஐந்து நிமிஷம் எல்லோரையும் நிறுத்தி, கடைசியாகச் சேர்ந்த பையனை ஒரு பில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எங்கே இடிக்கிறது என்று அங்கேயே தெரியும். திட்டாமல் கேட்டால் மட்டும்.

கேள்வி: எங்கள் கம்பெனியில் வருடாவருடம் ஊழியர் சர்வே. பெயர் தெரியாது, மனம் திறந்து எழுதுங்கள் என்கிறார்கள். ஆனால் எந்த டீம், வயது, ஆணா பெண்ணா, எத்தனை வருட அனுபவம் எல்லாம் கேட்கிறார்கள். எங்கள் டீமில் ஆறு பேர், பெண் நான் மட்டும்தான். உண்மையை எழுதலாமா?
- கோரமங்களா வாசகி

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது, தங்கச்சி. அந்த நாலு விவரமும் போட்டால் பெயர் எழுதியதும் ஒன்றுதான். குறைந்தது இத்தனை பேர் பதில் இருந்தால்தான் ஒரு டீமின் முடிவை மேனேஜருக்குக் காட்டுவோம் என்று பல சர்வேக்களில் ஒரு எல்லை வைத்திருப்பார்கள். உங்கள் கம்பெனியில் அந்த எண் என்ன, எழுத்தில் தரும் கருத்துகளை யார் படிக்கிறார்கள் என்று ஹெச்.ஆருக்கு மெயில் போட்டுக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. கட்டாயம் என்று குறிக்காத இடத்தையெல்லாம் காலியாக விடுங்கள்.

இன்னொன்று, போன வருஷ சர்வேக்குப் பிறகு ஏதாவது மாறியதா? மாறாவிட்டாலும் பரவாயில்லை, "இதைச் செய்ய முடியாது, காரணம் இது" என்றாவது யாராவது வந்து சொன்னார்களா? மாரிசன், மிலிகன் என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள் 2000-ல் எழுதினார்கள்: பேசினால் பிரயோஜனம் இல்லை, பேசினால் ஆபத்து, இந்த இரண்டு நம்பிக்கையும் பரவிய இடத்தில் மொத்த அலுவலகமும் வாயை மூடிக்கொள்ளும். மேலே இருப்பவர்கள் அதைத் திருப்தி என்று எடுத்துக்கொள்வார்கள். கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் விடுவதைவிட சர்வேயே நடத்தாமல் இருக்கலாம் என்பது என் கட்சி.

எழுதுவதென்றால் ஆளைப் பற்றி எழுதாமல் வேலையைப் பற்றி எழுதுங்கள். "மேனேஜர் பாரபட்சம் பார்க்கிறார்" என்பதைவிட, "ராத்திரி எட்டு மணிக்கு மேல் வைக்கிற போன் மீட்டிங்குகளில்தான் முடிவுகள் எடுக்கப்படுகின்றன, அதில் இல்லாதவர்களுக்கு மறுநாள் தகவல் வருவதில்லை" என்பது உதவும், அதை ஆறு பேரில் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். ஹெச்.ஆரிடமிருந்து பதில் வரவில்லை என்றால் மார்க் மட்டும் போட்டுவிட்டு கருத்துக் கட்டத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.