இங்கிலாந்தில் நர்சரிகள் இரண்டு வயதில் செய்யும் வளர்ச்சி மதிப்பீடு என்பது என்ன? வீட்டில் தமிழ் மட்டும் பேசும் குழந்தைக்கு அதில் சிக்கல் வருமா?

சிக்கல் வராது. ஆனால் நீங்கள் வாய் திறக்காவிட்டால் ரிப்போர்ட் அரைகுறையாகத்தான் வரும். லண்டனில் ஒரு நர்சரியில் வேலை பார்க்கிறேன். இந்த ரிப்போர்ட்டை எழுதிக் கொடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்.

இது பரீட்சை இல்லை. குழந்தையை உட்கார வைத்துக் கேள்வி கேட்பதும் இல்லை, மார்க் போடுவதும் இல்லை. 2012 செப்டம்பரிலிருந்து இங்கிலாந்தில் இது கட்டாயம். ஸ்காட்லாந்து, வேல்ஸ் கதை வேறு. குழந்தைக்கு 2 வயது முடிந்து 3 ஆவதற்குள், நர்சரியோ, தன் வீட்டில் வைத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் சைல்ட்மைண்டரோ பெற்றோருக்கு ஒரு சுருக்கமான குறிப்பு எழுதித் தர வேண்டும். வழக்கமாகக் குழந்தையின் கீ பெர்சன்தான் (நர்சரியில் அந்தக் குழந்தைக்கென்று பொறுப்பாக இருப்பவர்) தினமும் பார்த்ததை வைத்து எழுதுவார். கட்டாயமாகப் பார்க்க வேண்டியவை மூன்று: பேச்சும் மொழியும், பிறரோடு பழகுவதும் உணர்ச்சிகளும், உடல் வளர்ச்சி.

ஏபிசிடிக்கு இதில் வேலை இல்லை. "எங்க பையன் இருபது வரைக்கும் எண்ணுவான், அதை ஏன் எழுதலை?" என்று கேட்கும் அப்பாக்கள் உண்டு. எண்ணட்டும், சந்தோஷம்தான். எனக்குத் தெரிய வேண்டியது, விழுந்து அழும்போது யாரைத் தேடி வருகிறான், கை காட்டாமல் "ஷூவை எடுத்துட்டு வா" என்றால் புரிகிறதா, படி எப்படி ஏறுகிறான் என்பதெல்லாம்.

ஹெல்த் விசிட்டர் (சிறு குழந்தைகளின் வளர்ச்சியைக் கவனிக்கும் நர்ஸ்) 2 முதல் 2½ வயதுக்குள் செய்யும் பரிசோதனை வேறு. அதற்கு ஏஎஸ்கியூ என்ற கேள்வித்தாள் வரும், அதை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். போகும்போது நர்சரி ரிப்போர்ட்டையும் ரெட் புக்கையும் (குழந்தையின் உடல்நலப் பதிவுப் புத்தகம்) கையோடு கொண்டு போங்கள்.

இனி தமிழ் விஷயம். நாங்கள் குழந்தையின் ஆங்கிலத்தைத்தான் மதிப்பிட வேண்டும். ஆங்கிலம் போதவில்லை என்றால், வீட்டு மொழியில் எப்படிப் பேசுகிறது என்று பெற்றோரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பேச்சு தாமதமா இல்லையா என்ற முடிவுக்கு வர வேண்டும். அரசு விதியே அதுதான். நடைமுறையில்? வேலை நெருக்கடியில் அந்தக் கேள்வி சில இடங்களில் 'வீட்டு மொழி: தமிழ்' என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. தமிழ் தெரிந்தவர்கள் எல்லா நர்சரியிலும் இருக்க மாட்டார்கள்.

அதனால் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். ரிப்போர்ட் பற்றி நர்சரியில் பேசும் சந்திப்புக்கு முன்னால் ஒரு வாரம், குழந்தை சொல்வதையெல்லாம் போனில் குறித்து வையுங்கள். இரண்டு வார்த்தைகளைச் சேர்ப்பது முக்கியம்: "பால் வேணும்", "பூனை எங்க", "அப்பா வா". பாட்டியிடம் வீடியோ காலில் பேசுவதை ஒரு நிமிடம் பதிவு செய்தால் இன்னும் நல்லது. இரண்டு மொழிகளையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். வாசலில் வைத்து "அவன் அஞ்சாறு வார்த்தைதான் பேசுவான்" என்று ஆங்கிலத்தை மட்டும் கணக்குச் சொல்லிவிட்டுப் போகிற பெற்றோர் தங்கள் பிள்ளைக்குத் தாங்களே குறைத்து மார்க் போடுகிறார்கள். நர்சரிக்குப் புதிதாக வந்த குழந்தை சில வாரங்கள், ஏன், சில மாதங்கள்கூட வாயே திறக்காமல் கவனித்துக்கொண்டு இருக்கலாம். வீட்டில் வாய் ஓயாமல் பேசினால் அந்த மௌனம் தாமதம் ஆகாது.

வீட்டில் தமிழை நிறுத்துங்கள் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை. நர்சரியிலேயே வீட்டு மொழிக்கு இடம் தர வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தமிழிலும் வார்த்தைகள் மிகக் குறைவு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஒன்றைக் காட்ட விரல் நீட்டுவதில்லை, முன்பு சொன்ன வார்த்தைகள் காணாமல் போகின்றன என்றால், அதற்கு "ரெண்டு மொழியில குழம்புறான்" என்று காரணம் சொல்லாதீர்கள். "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினார்" என்பதும் வேண்டாம். இதைச் சொல்லாத தமிழ்க் குடும்பத்தை நான் இன்னும் பார்க்கவில்லை! முதலில் காது கேட்கிறதா என்று ஜிபியிடமோ (குடும்ப டாக்டர்) ஹெல்த் விசிட்டரிடமோ சொல்லிப் பரிசோதியுங்கள். இந்த வயதில் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்வது சகஜம், வெளியே ஒன்றும் தெரியாது. பேச்சுப் பயிற்சிக்கு என்எச்எஸ்ஸில் (அரசு மருத்துவ சேவை) காத்திருப்போர் வரிசை நீளம், அதனால் பெயரைச் சீக்கிரம் கொடுத்துவிடுங்கள். நடுவில் பேச்சு வந்துவிட்டால் வரிசையிலிருந்து விலகிக்கொள்ளலாம்.

ரிப்போர்ட்டில் ஏதாவது மெதுவாக இருக்கிறது என்று எழுதியிருந்தால், "நீங்கள் இங்கே என்ன செய்யப் போகிறீர்கள், நான் வீட்டில் என்ன செய்யட்டும்?" என்று இரண்டையும் கேளுங்கள். பெரிய கவலை என்றால் நர்சரி உங்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு திட்டம் போட வேண்டும். உங்கள் சம்மதம் இல்லாமல் ரிப்போர்ட்டை அவர்களாகவே ஹெல்த் விசிட்டருக்கு அனுப்ப முடியாது. சம்மதம் கொடுங்கள், நல்லதுதான்.

சாயங்காலம் குழந்தையைக் கூப்பிட வரும் அவசரத்தில் இதைப் பேசி முடிக்காதீர்கள், தனியாக அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். நர்சரி இல்லாத நாட்களில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது பாட்டியோ அம்மம்மாவோ என்றால் அவரையும் கூட்டி வாருங்கள். அவருக்கு ஆங்கிலம் வராவிட்டால் நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.