மண்டபத்து எச்சில் இலை எருவாக வேண்டுமானால் வைக்கோல் வேண்டும்

கேள்வி: வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர். தென்னையும் வாழையுமாக இரண்டு ஏக்கர், வீட்டில் நான்கு மாடுகள். முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபத்தில் மிஞ்சும் சோறு, எச்சில் இலை, காய்கறித் தோல் எல்லாவற்றையும் டிராக்டரில் ஏற்றி வந்து தோப்பில் குழி வெட்டிக் கொட்டுகிறேன். மறுநாளே நாற்றம் தாங்கவில்லை. ஈயும் புழுவும் மொய்க்க, அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருகிறார்கள். மண்புழு வாங்கி விட்டேன், அத்தனையும் செத்துப்போனது. மிஞ்சும் சோற்றை மாட்டுக்கு வைக்கலாமா? ஊர்ப் பள்ளியின் சத்துணவுக்கூடக் கழிவையும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: வணக்கம் ஐயா. நீங்கள் கடைசியில் கேட்டதற்கே முதலில் பதில் சொல்கிறேன், உயிர் சம்பந்தப்பட்டது என்பதால். சோறு, பொங்கல், பாயசம் எதையும் மாட்டுக்கு அள்ளி வைக்காதீர்கள். வெந்த சோற்றின் மாவு மாட்டின் முதல் வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகிவிடும். அசை போடுவது நிற்கும், வயிறு உப்பும், மாடு படுத்தால் எழ முடியாது. ஓரிரு நாளில் உயிரே போகலாம். பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் மறுநாள் நம் ஊர்களில் மாடு சாவது பெரும்பாலும் இதனால்தான். தெரியாமல் தின்றுவிட்டால் காத்திருக்க வேண்டாம், உடனே கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்கு அழையுங்கள். சோடா உப்பு கொடுப்பதானாலும் அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். சமைக்காத காய்கறித் தோல், பயன்படுத்தாத வாழை இலை இவற்றைத் தாராளமாகப் போடலாம்.

இனி குழி. நம் டெல்டாவின் களிமண்ணில் குழி வெட்டினால் தண்ணீர் கீழே இறங்காது. ஐப்பசி, கார்த்திகையில் கீழிருந்தும் ஊறி வரும். சோற்றில் ஏற்கெனவே முக்கால் பங்கு தண்ணீர். அதைக் குழியில் கொட்டினால் காற்றுப் புகாமல் அழுகத்தான் செய்யும். நாற்றத்துக்கும் புழுவுக்கும் காரணம் அதுதான். மேடாகப் போட்டு, காய்ந்த பொருளைக் கலந்தால் அதே சோறு மட்கும்.

காய்ந்த பொருளுக்கு நமக்குப் பஞ்சமே இல்லை. சம்பா அறுவடை முடிந்ததும் வைக்கோலை இயந்திரத்தில் கட்டி, லாரி லாரியாக வெளியூருக்கு அனுப்புகிறோம். அதில் கொஞ்சத்தை நனையாமல் எடுத்து வையுங்கள். 100 கிலோ உணவுக் கழிவுக்கு நறுக்கிய வைக்கோல் 30 முதல் 35 கிலோ கலந்தால் ஈரம் 60 சதவீதத்துக்கு இறங்கும். கரிச்சத்தும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஏறக்குறைய 25க்கு 1 என்று சேரும். நிறுக்க வசதியில்லையா? ஒரு கூடை கழிவுக்கு இரண்டு, மூன்று கூடை வைக்கோல் அல்லது சருகு. ஒரு பிடியை அள்ளி இறுக்கிப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிந்தால் சரியான பதம். ஒழுகினால் இன்னும் வைக்கோல் போடுங்கள்.

ஓர் அடி உயரத்துக்கு மண்ணை மேடாக்கி, அதன்மேல் தென்னை மட்டைத் துண்டுகளைப் பரப்புங்கள், காற்று அடியிலிருந்து வர. எச்சில் இலையை அப்படியே போட்டால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு காற்றை மறிக்கும். கத்தியால் நாலாக வெட்டிப் போடுங்கள். சாணிக்கரைசல் தெளித்து, ஐந்தடி அகலம், நாலடி உயரத்தில் குவித்து, வெளியே சோறு ஒரு பருக்கைகூடத் தெரியாதபடி அரையடி வைக்கோலால் மூடுங்கள். ஈயைத் தடுப்பது இந்த மூடாக்குதான், மருந்து எதுவும் வேண்டாம். கொண்டு வந்த அன்றே, இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும். மழைக்காலத்தில் மேலே கீற்றுக் கொட்டகை கட்டாயம்.

மூன்றாம் நாள் ஒரு கடப்பாரையைக் குவியலின் நடுவே செருகி, சற்று நேரம் விட்டு உருவிப் பாருங்கள். முனையைக் கையால் பிடிக்க முடியாத அளவு சுட வேண்டும். 55 முதல் 65 டிகிரி வரை ஏறும் அந்தச் சூட்டில்தான் நோய்க்கிருமியும் களை விதையும் அழிகின்றன. சூடு குறைந்ததும் புரட்டிக் கொடுங்கள், மறுபடி ஏறும். மூன்று, நான்கு முறை புரட்டினால் இரண்டு, மூன்று மாதத்தில் மண் வாசனையோடு கறுத்து உதிரும். உங்கள் குழியில் மண்புழு செத்ததற்குக் காற்றில்லாதது ஒரு காரணம், புளிப்பும் உப்பும் மற்றொன்று; குவியலின் இந்தச் சூட்டையும் அது தாங்காது. சூடு முழுக்க அடங்கிய பிறகு, சாணத்தோடு கலந்து விட்டால் பிழைக்கும்.

உப்பு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சாம்பார், ரசம், ஊறுகாய், எண்ணெய்ச் சட்டி வழித்தது எதுவும் உங்கள் வண்டியில் ஏறக் கூடாது. வாய்க்கால் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடையில் பல இடங்களில் மண்ணே உவர். அங்கே இந்த எருவைப் போடச் சொல்ல எனக்கு மனம் வராது. உங்கள் தென்னை ஓரளவு தாங்கும், வாழை தாங்காது. மட்கியதில் ஒரு மாதிரியை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து மின்கடத்துதிறன் பாருங்கள், உப்பின் அளவைக் காட்டுவது அதுதான். மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல் போனால் வயலுக்கு வேண்டாம். வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு: ஒரு தொட்டியில் எருவையும் மண்ணையும் சமமாகக் கலந்து பச்சைப்பயறு ஊன்றுங்கள். நன்றாக முளைத்து, இலை நுனி கருகாமல் வந்தால் நம்பலாம்.

மண்டபக்காரரிடம் தயங்காமல் பேசுங்கள். நாளொன்றுக்குச் சராசரி 100 கிலோவுக்கு மேல் கழிவு சேரும் இடம், தன் கழிவுக்குத் தானே பொறுப்பு என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொன்னவை. தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் தம்ளர், ஊறுகாய்ப் பொட்டலம், மெழுகுத்தாள் இலை இவற்றைப் பந்தியிலேயே பிரித்துத் தரச் சொல்லுங்கள், வண்டி வாடகையும் கேளுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள்: ஆள் உட்காரும் முன்பே எல்லா இலையிலும் எல்லாக் கூட்டு பொரியலையும் வைத்துவிடுகிறார்களே, பாதி வீணாவது அதில்தான். உட்கார்ந்த பிறகு கேட்டுப் பரிமாறினாலே இலையில் ஒதுக்குவது குறையும். இலைக்கு வராமல் அண்டாவில் மிஞ்சும் நல்ல சோறு மனிதருக்கே போகட்டும்; எருக்குவியலுக்கு வரக் கூடாது.

பள்ளிக் கழிவைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வருவது பெரும்பாலும் காய்கறித் தோல், முட்டை ஓடு, கொஞ்சம் சோறு. பள்ளி வளாகத்திலேயே ஓட்டை போட்ட பீப்பாய் இரண்டு, பக்கத்தில் ஒரு சாக்கு சருகு வைத்தால் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். ஒன்று நிறைந்ததும் அதை மட்க விட்டு மற்றதை நிரப்பலாம். காலையில் வருகை எடுத்த பிறகு அரிசி அளந்தால் மிஞ்சுவதே குறையும்.

எரு தயாரானதும் தென்னைக்கு வழக்கமாகச் சொல்வது மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ. உப்பைக் கருதி முதல் ஆண்டு மட்கிய இந்த எரு 25 கிலோவோடு 25 கிலோ தொழு உரம் கலந்து, தூரிலிருந்து ஆறடி வட்டப்பாத்திக்குள் போட்டு மண்ணால் மூடி, நன்றாகத் தண்ணீர் விடுங்கள். ரசாயன உரத்தை இந்த ஆண்டே நிறுத்திவிடாதீர்கள். மண் பரிசோதனை முடிவைப் பார்த்துப் படிப்படியாகக் குறைக்கலாம்.