ஊழிய அழைப்பு (தேவனுடைய பணிக்கான அழைப்பு) இருந்தால் அரசியலை விட்டுவிட வேண்டுமா?

கட்டாயம் இல்லை என்றே சொல்வேன். இதே கேள்வியோடு 1785 டிசம்பரில் லண்டனில் ஒருவர் தவித்தார். அவர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். 26 வயது, நாடாளுமன்ற உறுப்பினர், அப்போதுதான் மனந்திரும்பியவர். சிறுவயதில் அறிந்த போதகர் ஜான் நியூட்டனைப் பார்க்கப் போனார். யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. நியூட்டன் வீடு இருந்த சதுக்கத்தை ஓரிரு முறை சுற்றி வந்த பிறகுதான் உள்ளே போகத் துணிவு வந்தது. நியூட்டன் ஒரு காலத்தில் அடிமைக் கப்பலின் கேப்டனாக இருந்தவர். அவர், அரசியலிலேயே இருந்து தேவனுக்கு உழைக்கச் சொன்னார்.

சரி, அப்புறம் எல்லாம் எளிதாக நடந்ததா? இல்லவே இல்லை. அடிமை வணிகத்தை நிறுத்த வில்பர்ஃபோர்ஸ் கொண்டுவந்த தீர்மானம் 1791இல் 88க்கு 163 என்ற வாக்குகளில் தோற்றது. அதற்குப் பிறகும் பலமுறை தோல்விதான். உடல்நலமும் நன்றாக இல்லை. முழு மனதோடு ஒப்புக்கொடுப்பது என்றால் எனக்கு நினைவுக்கு வருவது அந்த வருடங்கள்தான். கைதட்டல் கிடைத்த நாள் அல்ல.

1807இல் அடிமை வணிகத்தை நிறுத்தும் மசோதா கீழவையில் 283க்கு 16 என்ற வாக்குகளில் ஆதரவு பெற்று, பிறகு நிறைவேறியது. நியூட்டன் அதைப் பார்த்துவிட்டு அதே ஆண்டு இறுதியில் காலமானார். அடிமை முறையையே ஒழிக்கும் மசோதா கீழவையைக் கடந்த செய்தி 1833 ஜூலையில் வில்பர்ஃபோர்ஸுக்கு எட்டியது. மூன்று நாளில் அவரும் கண்மூடினார்.