தோற்ற ஆட்டத்தின் தாள் எங்கே?

தண்டையார்பேட்டையில் 22 வருடங்களாகப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளி) 1690 வரை ஏறியவன், இரண்டே போட்டியில் 110 புள்ளி இழந்து 1580-க்கு வந்துவிட்டான். வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவதில்லை, வாய் திறப்பதில்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்தி முழுநேரமாகச் செஸ்ஸில் விடச் சொல்கிறார் கோச். ஐரோப்பா போய் ஆடினால்தான் கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு வேண்டிய நார்ம் கிடைக்குமாம். வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். என் நகையை வைக்கலாம் என்கிறார். என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம், காசிமேடு

பதில்: முதலில் அந்த 110 புள்ளி. 18 வயதுக்குள், 2300 ரேட்டிங்குக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்குப் புள்ளிக் கணக்கு ரொம்ப வேகமாக ஓடும். சமமான ரேட்டிங் உள்ளவரிடம் தோற்றால் ஒரே ஆட்டத்தில் 20 போகும். 400 புள்ளி குறைந்த பிள்ளையிடம் தோற்றால் 37 வரை போகும். அப்படி மூன்று ஆட்டம் சறுக்கினால் போதும், 110 போய்விடும். ஜெயிக்கும்போதும் அதே வேகத்தில்தான் ஏறும். 2400-ஐத் தொட்டவர்களுக்குச் சமமானவரிடம் தோற்றால் 5 புள்ளிதான் குறையும். அதனால் இந்த வயதில் ரேட்டிங்கைத் தினமும் பார்த்துக் கலங்காதீர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தத் தோற்ற ஆட்டங்களின் ஸ்கோர் ஷீட் எங்கே? ஒவ்வொரு காய் நகர்த்தலையும் அவன் கைப்பட எழுதிய தாள் அது. கசக்கிப் பைக்குள் திணித்திருக்கிறானா, மடித்து வைத்திருக்கிறானா, பாருங்கள்.

என்னிடம் படித்த ஒரு பையனின் தாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. 23-வது நகர்த்தல் வரை எழுத்து முத்து முத்தாக இருந்தது. அதற்கப்புறம் ஒரே கோணல். 26-ல் குதிரையைச் சும்மா கொடுத்திருக்கிறான். கடிகாரத்தில் 50 நிமிடம் மிச்சம். "ஏன்டா இவ்வளவு அவசரம்?" என்றேன். பக்கத்து போர்டில் ஆட்டம் முடிந்து அந்தப் பையன் எழுந்து போய்விட்டானாம், தாத்தா வெளியே வெயிலில் நிற்கிறாரே என்று இவனுக்கு நினைப்பு வந்துவிட்டதாம். அதை எந்தச் செஸ் புத்தகமும் சொல்லாது. அடுத்த போட்டிக்குத் தாத்தாவிடம், "நிழலில் உட்கார்ந்திருப்பேன், நீ மெதுவா வா" என்று சொல்லி அனுப்பச் சொன்னேன். பாதிப் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

தோற்ற அன்றைக்கு எதுவும் கேட்காதீர்கள். சூடாகச் சோறு போட்டுத் தூங்க வையுங்கள். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அவனே தாளை எடுத்து, காய்களை அடுக்கி, தப்பு எங்கே என்று தேடட்டும். உடனே போனில் இன்ஜினை, அதாவது சரியான நகர்த்தலைக் கணக்குப் போட்டுச் சொல்லும் செஸ் மென்பொருளைப் போட்டு விடையைக் காட்டாதீர்கள். குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா ஆரம்ப வருடங்களில் அவரை இன்ஜின் பக்கமே விடவில்லை.

குகேஷ் என்றதும் ஞாபகம் வருகிறது. அவரும் நாலாம் வகுப்போடு முழுநேரப் பள்ளியை நிறுத்தினவர்தானே என்று உங்கள் கோச் சொல்வார். உண்மைதான். ஆனால் அவருடைய அப்பா காது மூக்கு தொண்டை டாக்டர். அவர் தொழிலை நிறுத்திவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனபோது அம்மாவின் சம்பளத்தில் வீடு நடந்தது. அதுவுமே அவர்களுக்கு நெருக்கடிதான். பையன் 12 வயது 7 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆனார், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். உங்கள் வீட்டில் கடலுக்குப் போகிற ஒருவரின் வருமானம்தான். பள்ளியை நிறுத்தாதீர்கள்.

நார்ம் விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள். கிராண்ட்மாஸ்டர் ஆக மூன்று நார்மும் 2500 ரேட்டிங்கும் வேண்டும். நார்ம் என்பது ஒரு போட்டியில் காட்டுகிற தகுதி; அதற்குப் பொதுவாக 9 சுற்றில் 2600 தரத்துக்கு ஆடிக்காட்டணும். 1580-ல் இருக்கிற பிள்ளைக்கு ஐரோப்பாவில் ஒரு வேலையும் இல்லை. சென்னையிலும் சுற்று வட்டாரத்திலும் நடக்கிற போட்டிகளே இப்போதைக்குப் போதும்.

நகையைப் பற்றி. எனக்கு 15 வயதில் வெளியூர்ப் போட்டி ஒன்றுக்காக அம்மா செயினை அடகு வைத்தார்கள். கடைசிச் சுற்றில் எனக்கு ஒரு யானை கூடுதல். எதிரில் இருந்தவர் டிரா கேட்டார். ஜெயிக்கிற ஆட்டம் என்று தெரிந்தும் கை கொடுத்துவிட்டேன். தோற்றுவிட்டால் செயின் என்ன ஆகும் என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன், போர்டு கண்ணுக்குத் தெரியவே இல்லை. ராத்திரி ரயிலில் அம்மா வெறும் மஞ்சள் கயிறோடு என் பக்கத்தில் தூங்கினார்கள். பிள்ளையை அந்த நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள், அம்மா.

கேள்வி: ஒன்பது வயது மகள் நன்றாக ஆடுகிறாள். பெண்கள் பிரிவில் மட்டும் ஆடினால் போதுமா?
— ஒரு தந்தை, திருவொற்றியூர்

பதில்: போதாது. அதிலும் ஆடட்டும், ஆண், பெண் எல்லாரும் ஆடுகிற ஓப்பன் போட்டியிலும் ஆடட்டும். வைஷாலி 2023-ல் 2500-ஐத் தாண்டினார். ஹம்பி, ஹரிகாவுக்கு அடுத்து கிராண்ட்மாஸ்டர் ஆன மூன்றாவது இந்தியப் பெண் அவர். தம்பி பிரக்ஞானந்தா செஸ் பக்கம் வந்ததே அக்கா ஆடுவதைப் பார்த்துத்தான். அக்கா, தம்பி இரண்டு பேரும் நமக்குப் பக்கத்தில் பாடியிலிருந்து போனவர்கள். உங்கள் மகளை எந்தப் பையனுக்கு எதிரிலும் தைரியமாக உட்கார வையுங்கள்.

கேள்வி: வயது 19, பி.காம். இரண்டாம் வருடம். ரேட்டிங் 1950. மூன்று வருடமாக அங்கேயே நிற்கிறேன். இனி கிராண்ட்மாஸ்டர் ஆக முடியுமா? வீட்டில் வேலைக்குப் போகச் சொல்கிறார்கள்.
— வியாசர்பாடி வாசகர்

பதில்: தம்பி, மறைக்காமல் சொல்கிறேன். ரொம்பக் கஷ்டம். 18 முடிந்ததும் ஒரு வெற்றிக்குக் கிடைக்கிற புள்ளியும் உனக்குப் பாதியாகிவிட்டது. ஆனால் 1950 என்பது சின்ன விஷயம் இல்லை. நம் பகுதியில் அந்த அளவுக்கு ஆடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

வேலைக்குப் போவதும் செஸ்ஸை விடுவதும் ஒன்றல்ல. ஆர்பிட்டர் (செஸ் நடுவர்) தேர்வு எழுது. மாநில அளவில் தொடங்கிப் படிப்படியாக சர்வதேச ஆர்பிட்டர் வரை போகலாம். பயிற்சியாளர்களுக்கும் சர்வதேசச் செஸ் சம்மேளனம் தனிப் பட்டங்கள் தருகிறது. பதக்கம், சான்றிதழ் இருந்தால் தமிழக அரசு வேலைகளில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு உன்னுடையது பொருந்துமா என்று விசாரி. ரயில்வேயிலும் எண்ணெய் நிறுவனங்களிலும் செஸ் ஆட்டக்காரர்களை எடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. நம் ஊரில் கேரம் போர்டு இல்லாத தெரு உண்டா? ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா அப்படிப்பட்ட இடத்திலிருந்து போய்த்தான் 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் ஜெயித்தார். உன் தெரு கேரம் கிளப்பில் ஞாயிறு காலை ஒரு மூலையில் இரண்டு செஸ் போர்டு விரித்து உட்கார். முதல் வாரம் யாரும் வரமாட்டார்கள். மூன்றாவது வாரம் சின்னப் பசங்க எட்டிப் பார்ப்பார்கள். என்னிடம் காய்களோடு பழைய போர்டு ஆறு இருக்கிறது. இந்தப் பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி எழுது, கொடுத்தனுப்புகிறேன்.