ரஸ்ட் மொழிக்கு இன்னொரு குரூப் தேவையா?

ரஸ்ட் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொள்பவர்களுக்காக டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் புதிதாக ஒரு குரூப் தொடங்கலாமா, இருப்பவையே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் போதும் என்பேன். ஏற்கெனவே ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவன் நான்.

சில வருடங்களுக்கு முன் நானும் மூன்று நண்பர்களும் கோ என்ற நிரல்மொழிக்காக டெலிகிராமில் ஒரு குரூப் ஆரம்பித்தோம். முதல் மாதமே நூறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை. பதில் சொன்னது மட்டும் நாங்கள் நாலு பேர். ஒருவருக்குக் குழந்தை பிறந்தது, இன்னொருவர் வேலை மாறினார், அத்தோடு குரூப் படுத்துவிட்டது. கோரூட்டின் (கோ நிரலில் மற்ற வேலைகளோடு கூடவே ஓடும் ஒரு சின்ன வேலை) ஏன் முடியாமல் தொங்கிக்கொண்டு நிற்கிறது என்ற ஒரே சந்தேகத்தை ஆளாளுக்கு ஒரு விதமாகக் கேட்டிருந்தார்கள். அதற்குக் 'கோலாங் நட்ஸ்' என்ற பழைய கூகுள் குரூப்பில் எப்போதோ விளக்கம் எழுதிவைத்திருக்கிறார்கள். அங்கே போய்த் தேட வேண்டும் என்று எங்களுக்கே தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை.

யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுக்களின் வலை கோலோச்சிய நாட்களில் புதுக் குழு தொடங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. 'காம்ப்' என்று தொடங்கும் கிளையில், அதாவது கணினி சார்ந்த குழுக்களின் கிளையில், ஒரு குழு வேண்டுமென்றால் ஏன் வேண்டும் என்று முதலில் பொதுவில் வாதாட வேண்டும். பிறகு மின்னஞ்சலில் வாக்கெடுப்பு. எதிர்ப்பைவிட ஆதரவு 100 வாக்காவது கூடுதலாக இருக்க வேண்டும், மொத்த வாக்கில் மூன்றில் இரண்டு பங்கும் ஆதரவாக விழ வேண்டும். பைத்தானுக்கான குழு 1994 இல் இந்தக் கிளையில்தான் வந்தது. இந்த மாதிரிக் கெடுபிடியே வேண்டாம் என்று சிலர் 1987 இலேயே 'ஆல்ட்' என்று தனிக்கிளை பிரித்துக்கொண்டு போனார்கள். அங்கே யார் வேண்டுமானாலும் எதையும் தொடங்கலாம். பேர் மட்டும் இருந்து ஆளே இல்லாத குழுக்கள் அங்கே எக்கச்சக்கம். இன்றைய டிஸ்கார்டைப் பார்க்கும்போது எனக்கு ஆல்ட்தான் ஞாபகம் வருகிறது.

ரஸ்ட்காரர்களும் இடம் மாறியிருக்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். மாறினார்கள், ஆனால் பழைய வீட்டைப் பூட்டிவிட்டு மாறினார்கள். 2015 இல், ரஸ்டின் 1.0 பதிப்பு வெளிவந்த அதே வருடம், பழைய மின்னஞ்சல் பட்டியலை மூடிவிட்டு டிஸ்கோர்ஸ் என்ற இணைய மன்றத்துக்குப் போனார்கள். ரஸ்டை வளர்த்த மொசில்லா, தன் ஐஆர்சி (பழைய காலத்து அரட்டை முறை) சர்வரை 2020 மார்ச்சில் நிறுத்தியது. அதற்கு முன்பே ரஸ்ட் குழுவினர் டிஸ்கார்டுக்கும் சூலிப் என்ற இன்னொரு அரட்டைச் செயலிக்கும் போய்விட்டார்கள். பதில் சொல்லும் ஆட்களும் கூடவே போனார்கள். உங்கள் யோசனையில் எந்தப் பழைய வீடும் மூடப்படுவதில்லை. பயனர்களுக்கான டிஸ்கோர்ஸ் இருக்கிறது, டிஸ்கார்டிலேயே மொழிக்குழுவின் சர்வர் (குரூப்பை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) ஒன்று, சமூகத்தார் நடத்தும் சர்வர் இன்னொன்று, போதாததற்கு ரெடிட். 'பாரோ செக்கர் (நினைவகத்தை நிரல் சரியாகக் கையாளுகிறதா என்று பார்க்கும் ரஸ்டின் சோதனை) திட்டுகிறது, என்ன செய்ய' என்று ஐந்தாவதாக ஓர் இடத்திலும் கேட்கலாம், சரி. பதில் சொல்ல யார் வருவார்?

அரட்டை வகைக் குரூப்பில் இன்னொரு தொல்லை, பதில் நிற்காது. க்ளோஜர் என்ற நிரல்மொழிக்காரர்கள் ஸ்லாக் என்ற அரட்டைச் செயலியில் கூடினார்கள். இலவசக் கணக்கில் கடைசி 10,000 செய்திகளை மட்டுமே பார்க்க முடிந்த காலம் அது (2022 செப்டம்பருக்குப் பிறகு அது 90 நாள் என்று ஆனது). நல்ல விளக்கமெல்லாம் கண்ணெதிரே மறைந்துபோனதால் ஆர்வலர்கள் சிலர் தனியாக ஒரு பதிவுக் கிடங்கு கட்டிச் சேமிக்க வேண்டியிருந்தது. டிஸ்கார்டில் செய்திகள் அழியாது, ஆனால் கூகுளில் தேடினால் உள்ளே இருப்பது வராது. படிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆங்கிலத்தில் கேட்கக் கூச்சப்படுபவர்களுக்காகத் தமிழில் ஓர் இடம் என்பது உங்கள் எண்ணமாக இருந்தால் அது வேறு கதை, அவர்கள் இப்போது எந்தக் குரூப்பிலும் போய்க் கேட்பதில்லை. அப்படியானாலும் உடனே குரூப் திறக்காதீர்கள். ஒரு வருடம் தொடர்ந்து பதில் சொல்லச் சம்மதிக்கும் பத்துப் பேரை முதலில் பிடியுங்கள். நாலு பேர் போதாது, நான் பார்த்துவிட்டேன்.