பேனா பாதியில் நின்றால் மிச்ச டோஸ் எவ்வளவு?

செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சையில் (ஐ.வி.எஃப்) முட்டைகளை வளர்க்கப் போடும் எஃப்.எஸ்.ஹெச் ஹார்மோன் ஊசிப் பேனாவில், நேற்றிரவு 225 யூனிட் வைத்து அழுத்தியபோது பேனா நின்றுபோய், அளவு காட்டும் கட்டத்தில் 75 தெரிந்தது, இன்று சேர்த்து 300 போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாகச் சேர்க்க வேண்டாம். அந்த 75, உள்ளே போகாத அளவு. 150 போய்விட்டது. உடனே கவனித்திருந்தால் புதுப் பேனா, புது ஊசியில் 75 மட்டும் வைத்துப் போட்டிருக்கலாம். இப்போது மருத்துவமனையை அழைத்து, "150 போனது, 75 விடுபட்டது" என எண்ணோடு, நேரத்தோடு சொல்லுங்கள். இன்றைய அளவை அவர்களே முடிவு செய்யட்டும்.

பதற வேண்டாம். எஃப்.எஸ்.ஹெச் உடலில் ஒரு நாளுக்கு மேல் தங்கி, அடுத்தடுத்த ஊசிகளோடு சேர்ந்துதான் வேலை செய்கிறது. ஒரு நாள் குறைந்ததால் மட்டும் சிகிச்சைச் சுழற்சி கெடுவது அரிது. இஷ்டத்துக்குக் கூட்டுவதுதான் ஆபத்து: சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு, வயிற்றில் நீர் கோக்கலாம்.

அழுத்தியபின் ஊசியை எடுக்காமல் 10 வரை எண்ணுங்கள், கட்டத்தில் 0 வந்ததா பாருங்கள்.

சில நாளில் தொடங்கும், முட்டை முன்கூட்டியே வெடிக்காமல் தடுக்கும் ஊசியில் இந்தத் தளர்வு கிடையாது. முட்டையை முதிரவைக்கும் கடைசி டிரிகர் ஊசியில் சுத்தமாகக் கிடையாது. முட்டை எடுப்பதை அதிலிருந்து சுமார் 36 மணி நேரம் கணக்கிட்டே குறிக்கிறார்கள், ஒரு மணி நேரம் தவறினாலும் உடனே சொல்லிவிடுங்கள்.